ஒரு பக்கத் தாள்கள்

“ஒரு பக்கம் அச்சான தாளை யாரும் தூக்கிப் போடாதீங்க. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு, அதுல வரைங்க” என்று சொல்லி, மேலாளர் தணிகைவேல் பிரின்டர் பக்கத்தில் ஒரு தட்டு வைத்தார். லோகோ வரைய டிசைனர் மெர்லின் எடுத்த தாளின் மறுபக்கம் ஒரு ராஜினாமா கடிதம் இருந்தது. பெயர் இல்லை. மறுநாளும் அதே கடிதம், இரண்டு வரி குறைந்து. மூன்றாம் நாள் ஒரே வரி. அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆபீஸில் இருக்கிற பதினோரு பேரில் யார்? டீ குடிக்கும்போதுகூட ஒவ்வொரு முகமாகத் துழாவினாள். கடைசியில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ‘போகாதீங்க’ என்று எழுதித் தட்டிலேயே வைத்தாள். மதியத்துக்குள் நான்கு பேர் அதை எடுத்துப் படித்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாகத் தணிகைவேல் வந்தார். அச்சான வரியைப் பார்க்கவே இல்லை; பென்சில் எழுத்தை மட்டும் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு தாளைச் சிறிதாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.