மூன்றாவது கிள்ளல்

அந்தப் பெண் மறுபடியும் பிள்ளையைக் கிள்ளினாள்.

சாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மகள் மீனுவோடு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். சைக்கிளில் விழுந்து மீனுவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

எதிர் நாற்காலியில் கையுறைத் தொழிற்சாலைச் சட்டையோடு அந்தப் பெண். மடியில் மூன்று வயதுப் பையன். செமோரில் அடுக்குமாடிப் படியில் உருண்டு விழுந்தானாம். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு.

அடிபட்ட பிள்ளை அசந்து கண்ணை மூடினால் பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தோளில் கிள்ளு.

முதல் கிள்ளலுக்கே பையன் வீலென்று கத்தினான். அப்போதே சாலா கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"வேணாம்மா, விடுங்க" என்றாள் மீனு.

"நீ சும்மா இரு. இந்த மாதிரி ஆளுங்கள ஊருக்குக் காட்டணும்லா."

இரண்டாவது கிள்ளலுக்கு முனகினான். மூன்றாவதுக்குச் சத்தமே இல்லை. பாவம், அழுது ஓய்ந்துபோனான் என்று சாலா நினைத்தாள்.

அந்தப் பெண் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாலா குறுக்கே போய் நின்றாள்.

"எங்க ஓடப் பாக்குற?"

"வழி விடுங்கக்கா. நர்ஸ் மிஸியப் பாக்கணும்."

"பாக்கலாம். மொதல்ல இந்தக் கேமராவப் பாத்துச் சொல்லு. எதுக்குப் புள்ளையக் கிள்ளுன?"

"நேரம் இல்லக்கா."

"கிள்ளுறதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். "நல்லா கேளுங்க" என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அவள் இடப்பக்கம் நகர்ந்தால் சாலாவும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனால் அங்கேயும் ஆள் நின்றது. அவளுக்குப் பேச்சு வராமல் அழுகைதான் வந்தது.

சத்தம் கேட்டு முகப்பிலிருந்து தாதி பிரமிளா வந்தாள்.

"நல்ல வேள வந்தீங்க மிஸி. சின்னப் புள்ளையக் கிள்ளிக் கிள்ளி அழ வைக்கிறா. எல்லாம் இதுல இருக்கு. போலிசக் கூப்பிடுங்க."

பிரமிளா கைப்பேசியைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவளும் அதே தோளில் அழுத்திக் கிள்ளினாள்.

பையன் அசையவில்லை.

"மிஸி, நீங்களுமா?" என்றாள் சாலா.

பிரமிளா உள்ளே குரல் கொடுத்தாள். தள்ளுகட்டில் ஓடி வந்தது. பையனை உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்பு அறைக்குள் கொண்டுபோனார்கள். தாய் பின்னாலேயே ஓடினாள்.

சற்று நேரத்தில் பிரமிளா ஒரு தாளோடு திரும்பி வந்து நேராகச் சாலாவிடம் நின்றாள்.

"பையனோட அம்மா துளசிகிட்ட கிள்ளச் சொன்னதே நான்தாங்கக்கா. வந்தப்ப பையன் நல்லா கத்தி அழுதான். அழுற புள்ள தெம்பாத்தான் இருக்குன்னு காத்திருக்கச் சொன்னேன். ஆனா தலையில அடி. தூங்கிட்டா கிள்ளிப் பாருங்க, அழலன்னா ஒரு நொடிகூட நிக்காம என்கிட்ட ஓடி வாங்கன்னு சொல்லியிருந்தேன்."

கூடியிருந்த நாலு பேரும் அவரவர் நாற்காலிக்குப் போய்விட்டார்கள். சாலா மட்டும் அங்கேயே நின்றாள்.

"அவன் கடைசியா சத்தம் குடுத்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு டாக்டர் கேக்குறாரு. துளசியால பேச முடியல. உங்க வீடியோவப் பாத்துச் சொல்றீங்களா?"

சாலா வீடியோவைத் திறந்தாள். முன்னே தள்ளிப் பார்த்தாள், பின்னே தள்ளிப் பார்த்தாள்.

"ஒம்போது நிமிஷம், மிஸி."

பிரமிளா எழுதிக்கொண்டு திரும்பினாள்.

"மிஸி" என்று சாலா கூப்பிட்டாள். "அதுல மூணு நிமிஷம், நான் வழி மறிச்சு நின்னது."