பகல் காவல்

வாசல் பூட்டுக்குள் யாரோ சாவியை நுழைத்துத் திருகுகிற சத்தம் கேட்டது. அக்கா அடுப்பை அணைத்தாள். மணி பத்தரை. தம்பியும் அவன் மனைவியும் ஆபீசுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்கு முன்னால் அவர்கள் திரும்பி வந்த நாளே கிடையாது.

கைக்கு அகப்பட்டது தரை துடைக்கிற மாப்தான். அதை ஓங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கதவு திறந்தது. தோளில் கனத்த பை, கக்கத்தில் மடக்கு ஏணியோடு ஒருவன் உள்ளே காலை வைத்தான்.

"அங்கேயே நில்லு. இன்னொரு அடி வச்சே, மண்டை ரெண்டாயிடும்."

"அம்மா, அடிச்சிடாதீங்கம்மா. கேமரா மாட்ட வந்திருக்கேன். சார்தான் கீழ வாட்ச்மேன்கிட்ட சாவி குடுத்துட்டுப் போயிருக்காரு. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னாரே."

"இருந்திருக்க மாட்டேன்தான். பத்து மணிக்குப் பல் டாக்டர்கிட்ட போகச் சொல்லி டோக்கன் எல்லாம் போட்டு வச்சான். காலைல எழுந்தா வலியைக் காணோம். வலிக்காத பல்லை எதுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்?" மாப்பைக் கீழே இறக்கினாள். "சரி, உள்ள வா. ஏணியைச் சுவத்துல இடிக்காத. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது."

கேமரா என்றதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. இரண்டு மாதம் முன்பு தம்பியின் டேப்லெட் காணாமல் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் போனபின் இந்த வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டவள் அவள். ஆள் இல்லாத வீட்டில் திருடு போவது வேறு. பகல் முழுக்க ஒருத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தும் பொருள் போனால், அந்த ஒருத்தி எதற்கு?

"விடுங்கக்கா, போனா போகுது" என்றான் தம்பி. அவன் அப்படிச் சொன்னதுதான் அவளை இன்னும் வாட்டியது.

அன்றிலிருந்து தனக்குத் தெரிந்த காவலை ஆரம்பித்தாள். மதியம் கண்ணயர்வதற்கு முன்னால் லேப்டாப்பை வாஷிங் மெஷினுக்குள் வைப்பாள். படம் பிடிக்கிற கேமராவைத் தன் அறைக்கு எடுத்துப்போய்ப் புடவைகளுக்கு அடியில் செருகுவாள். எழுந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுவாள். இதைத் தம்பியிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பான்.

கேமராக்காரன் டிவிக்கு மேலே ஓட்டை போட்டு, சட்டைப் பொத்தான் அளவே இருந்த கேமராவை அதில் பொருத்த ஆரம்பித்தான். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, வாசலைப் பார்த்தில்ல வைக்கணும்? நீ உள்பக்கம் திருப்பி வைக்கிறியே."

"சார் படம் போட்டே அனுப்பியிருக்காரும்மா. ஹால் முழுக்கத் தெரியணுமாம், அந்த நடையும் தெரியணுமாம்."

நடையின் கடைசியில் பால்கனி. அதற்கு முன்னால் அவளுடைய அறை. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சரிதான். திருடன் பெல் அடிச்சிட்டா வருவான்? பால்கனி வழியாத்தான் வருவான். என் தம்பிக்குச் சின்ன வயசுலேயே மூளை அதிகம்."

"இது அஞ்சாவது மாடிம்மா."

"ஏறத் தெரிஞ்சவனுக்கு எத்தனையாவது மாடியா இருந்தா என்னப்பா?"

அவன் சிரித்துக்கொண்டே ஒயரை இழுத்துச் செருகினான். அவள் கீழிருந்து பார்த்து, "அந்த மூலை மறையுது. இன்னும் கொஞ்சம் இறக்கு. எங்க நின்னாலும் முகம் விழணும்" என்றாள். அவன் இறக்கினான். அவள் நடைக்குள் போய் நின்று, திரும்பி வந்து, குனிந்து, நிமிர்ந்து காட்டினாள். எல்லாம் விழுந்தது.

"நேரம் மட்டும் செட் பண்ணணும்மா. காலைல ஒம்பதரைலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓடும்."

"ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு வேண்டாம்னுட்டாரு."

"பகல்லதான் காவலுக்கு நான் இருக்கேனே."

"எனக்கென்னம்மா தெரியும்? சார் அப்படித்தான் எழுதியிருக்காரு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "நான் தனியா இருக்கேனேன்னு பயம் அவனுக்கு. எனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு நினைச்சிருக்கான். வாயைத் திறந்து சொல்ல மாட்டான், எல்லாத்தையும் உள்ளேயே வச்சுப்பான். எங்கப்பா மாதிரி."

கேமராக்காரனின் செல்போன் சோபாவில் கிடந்து அதிர்ந்தது. அவன் இரண்டு கைகளும் கூரையோரம் ஒயருக்குள் இருந்தன.

"சார்தாம்மா. கொஞ்சம் ஸ்பீக்கர்ல போட்டுத் தூக்கிப் பிடிங்க."

அவள் பட்டனைத் தொட்டு, போனை இரண்டு கைகளாலும் மேலே நீட்டினாள். நல்ல காரியம் பண்ணினே என்று முதலில் தான் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குள் தம்பியின் குரல் முந்திக்கொண்டது.

"முடிஞ்சுதா? அந்த ரூம் கதவு தெளிவா தெரியுதில்ல?"

"தெரியுது சார். அது வந்து, இங்க..."

"அப்போ உடனே கிளம்புங்க. டாக்டர்கிட்ட போன அக்கா திரும்பி வர்ற நேரம். கேமரா இருக்குன்னு தெரிஞ்சா, அப்புறம் அவங்க எதையும் எடுக்க மாட்டாங்க."