வாசலில் வேப்பிலை

1991-இல் ஒரகடத்தில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்பது என் எண்ணம். கடனுக்காக வீட்டை ஏலம் விட கோர்ட்டு அமீனா முதல்முறை வந்தபோது, உயிரோடிருந்த சித்தப்பாவை வாயாலேயே சாகடித்து ஒரு மாதம் தவணை வாங்கினேன்.

இன்று மறுபடி ஏலம். "எங்க அண்ணனக் கேட்டா குடுக்கும்யா" என்ற மனைவி செந்தாமரையை, மச்சானிடம் கைநீட்ட மாட்டேன் என்று அதட்டினேன். அவள் வல்லக்கோட்டை முருகனிடம் முறையிடக் கிளம்பிவிட்டாள். நான் வாசலில் வேப்பிலையைச் செருகி, முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு படுத்தேன். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்?

வாசலில் சைக்கிள் நின்றது. தோல்பையோடு யாரோ எட்டிப் பார்த்தார். அமீனா மாறிவிட்டார் போலும்.

"அம்மா போட்டுகீது சார்" என்று முனகினேன்.

"ஐயையோ! எங்க வூட்ல கைக்கொழந்த கீதுப்பா. தண்ணி ஊத்தினப்புறம் வரேன்."

சைக்கிள் பறந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மதியம் செந்தாமரை திரும்பினாள். "இன்னாய்யா கோலம் இது? உனக்குத் தெரியாம நேத்தே அண்ணங்கிட்ட அழுதேன். கணக்குப்பிள்ளகிட்ட மொத்தப் பணத்தையும் தோல்பையில குடுத்தனுப்புறேன்னு சொல்லுச்சே, வந்தாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் தண்டோரா கேட்டது. அவசரமாகப் படுத்தேன்.

"அம்மா போட்டுகீது சார்..."

அதே பழைய அமீனா வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முகமெல்லாம் புதுத் தழும்பு.

"பயப்படாத. எனக்குப் போன மாசந்தான் தண்ணி ஊத்துனாங்க."