பேண்டு சத்தத்தில் சொன்ன ரகசியம்

லங்காஷயர் தூறலில், புதுக் குளியல் மண்டபத்தின் முன்னால் போட்ட மேடையில், அதைத் தன் செலவில் கட்டிக் கொடுத்த மில் முதலாளி எலியாஸ் ஹோல்ராய்ட் நிற்கிறார். அவர் போட்டியிடும் தேர்தலுக்குப் பத்தே நாள். கோட்டுப் பையில் பதினோரு பக்கப் பேச்சு. மில்லின் பேண்டுக்காரர்கள் காது கிழிய ஊதுகிறார்கள். அந்தச் சத்தத்தை நம்பி அவர் மனைவி தபித்தாளின் பக்கம் குனிகிறார். "கைதட்டு பலமா இருந்தா திங்கக்கிழமை லீவுன்னு அறிவிப்பேன். இல்லேன்னா அதப்பத்தி மூச்சு விடமாட்டேன்."

மூன்றாவது வரிசையில் நிற்கும் மில் நெசவுக்காரி கெஸியாவின் கண் அவர் உதட்டை விட்டு நகரவில்லை. தறிகள் இரையும் கூடத்தில் காதுக்கு வேலையில்லை. உதட்டைப் பார்த்தே நெசவுக்காரிகள் ஊர்வம்பு அத்தனையும் பேசி முடித்துவிடுவார்கள். முதலாளி அங்கே ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை; அவருக்கு இந்த வித்தை தெரியாது. "அடியே நான்சி, பாத்தியா?" "பாத்தேன்டி. தட்டு!" பேண்டு ஓய்வதற்குள் ஈரச் சால்வைகளுக்குள்ளிருந்து நானூறு பேரின் கைகள் வெளியே வருகின்றன. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம். அவர் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. மீசை நடுங்க, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். "பாத்தியா தபித்தா, என்மேல எவ்வளவு பாசம்!" என்றபடி பதினோரு பக்கத்தையும் உருவுகிறார். கல்யாணத்துக்கு முன் நாலு தறி ஓட்டிய தபித்தாள் கெஸியாவை நேராகப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை அசைக்கிறாள்: "நிறுத்திடாதீங்கடி. அந்தப் பேப்பர மடிச்சு உள்ள வைக்கிறவரைக்கும் தட்டுங்க. செவ்வாக்கிழமையும் லீவு வாங்கித் தர்றேன்."