நூறு குட்டிகள்

தேவாங்குக் குட்டிகள் மட்டும் இருமி இருமிச் சாவது ஏன் என்று ஆராய்ந்து மருந்து தரக் காட்டில் சட்டம் வந்தது. ஆராய வந்த கொக்கு, "நூறு குட்டி இருந்தாத்தான் ஆராய்ச்சி செல்லும்மா" என்றது.

"எங்ககிட்ட இருக்கிறதே பத்துதான். மீதிக்கு மான்குட்டிங்களைச் சேர்த்துக்கோய்யா!" என்று தாய்த் தேவாங்கு மல்லுக்கு நின்றது. கடைசியில் கொக்கு இறங்கி வந்தது. பேரத்தில் ஜெயித்த தேவாங்கு, இருமும் தன் குட்டியை முத்தமிட்டது.

மழைக்காலம் ஓய்ந்ததும் கொக்கு முடிவைப் படித்தது: "நூற்றுக்குத் தொண்ணூறு குட்டிகள் நலம். மருந்து தேவையில்லை."

"அந்தப் பத்தும் எங்க குட்டிங்கய்யா!"

"இனிமே பிரிச்சு எழுத முடியாதும்மா. நீங்கதானே சேர்க்கச் சொன்னீங்க?"

தேவாங்கு குட்டியை மார்போடு அணைத்து, அதன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தது.