பால் பொங்கும் இடம்

புகையே இல்லாத பசும்பொழில் நகரில் நிறைமதிக்கு வீடு கிடைத்தது. கிரகப்பிரவேசத்தன்று மின்னடுப்பில் பாலை ஏற்றினாள். பால் நுரைத்துப் பானையின் கழுத்துக்கு வந்ததும், "சிக்கனத்துக்கு நன்றி" என்று சொல்லி அடுப்பு தானே அணைந்தது. மூன்று முறையும் அதே நன்றிதான்.

நகரத்தின் கார்பன் அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"பொங்கி வழியறது கரண்ட் விரயம்மா. இங்க எந்த அடுப்புலயும் பொங்காது. மதிலுக்கு வெளிய தனபாக்கியம்னு ஒரு அம்மா இருக்காங்க. எல்லாரும் அங்கதான் போறாங்க. என் வீட்டுப் பாலே அங்கதான் பொங்குச்சு."

இந்த நகரத்துக்குச் செங்கல் சுமந்தவள் தனபாக்கியம். தகரக் கொட்டகையில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையும் பால்பானையுமாக ஏழு குடும்பங்கள் வரிசையில் நின்றன.

நிறைமதியின் முறை வந்தது. பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தனபாக்கியம் இருமினாள்.

"நீங்க உள்ள வீடு கேக்கலையாக்கா?"

"கேட்டேன் கண்ணு. விறகு எரிக்கிறவளுக்கு உள்ள இடம் கிடையாதாம்."