நாற்பத்தோராவது டெம்ப்ளேட்

மணிலாவில் அந்தப் பதினோராம் மாடி அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே எவாஞ்சலினும் ரொமுலோவும் மட்டும். மேசையில் துரோன் ஆறிக்கொண்டிருந்தது. வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த அந்தப் பண்டத்தை வேறொரு நாளாக இருந்தால் இருவரும் அடித்துப் பிடித்துத் தின்றிருப்பார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஐயாயிரம் பேராவது மாட்டணும். இல்லேன்னா கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போங்கன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க," என்றாள் எவாஞ்சலின். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள்.

"போன மாசம் எத்தனை பேர் மேடம்?"

"பன்னிரண்டாயிரம் கடிதம் போச்சு. திறந்து பார்த்தது முப்பத்தேழு பேர். அதுல ஒருத்தி என் தங்கச்சி."

கடிதம் அனுப்பும் மென்பொருளில் நாற்பது டெம்ப்ளேட்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நீலக் கரை போட்டது ஒன்று. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்து மூன்று பத்தி தாண்டி விஷயத்துக்கு வருவது இன்னொன்று. எல்லாமே பார்க்க லட்சணம்தான். ஆனால் ஒன்றையும் எவரும் படிக்க மாட்டார்கள்.

ரொமுலோ தன் போனை நீட்டினான். "இதைப் பாருங்க. என் மாமியாருக்கு வந்தது. வேற கோஷ்டி அனுப்பினது."

சிவப்பு எழுத்தில் இரண்டே வரி. 'உங்கள் கனக்கு இன்று மாலை மூடபடும். உடனே இங்கே அலுத்தவும்.'

"நான் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டுற மனுஷி, மேடம். இதைப் படிச்சதும் அழுத்தித் தரச்சொல்லி பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்காங்க. போன்ல சார்ஜ் தீர்ந்துபோனதால தப்பிச்சாங்க."

"ரெண்டு வரியில மூணு எழுத்துப் பிழை இருக்கேப்பா."

"இருக்கட்டும். திருத்தினா நம்ம கடிதம் மாதிரி ஆயிடும்."

எவாஞ்சலினுக்கு மனசு கேட்கவில்லை. "வயசானவங்க பயந்துடுவாங்க."

"பயந்தாத்தான் அழுத்துவாங்க."

அதை நாற்பத்தோராவது டெம்ப்ளேட்டாகச் சேர்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் ஒன்பதாயிரம் பேர் அழுத்தியிருந்தார்கள். ரொமுலோ இரண்டு துரோன்களை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டான்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"சிவப்பு எழுத்துக் கடிதம் இங்கேருந்துதான் வந்துதா?"

ரொமுலோவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எவாஞ்சலின் எழுந்து நின்றாள். "அந்த டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான் சார். அவன்மேல தப்பில்ல."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்து வருஷமா சைபர் பிரிவுல இருக்கேன் மேடம். நானும் அழுத்திட்டேன். அழுத்தினவங்க லிஸ்ட்ல இருந்து என் பேரை மட்டும் எப்படியாவது எடுத்துடுங்க."

அசடு வழிய அவர் நீட்டிய போனில், அழுத்தியவர்கள் எல்லோருக்கும் போயிருந்த அதே பதில் தெரிந்தது:

'நாங்கள் நாற்பது விதமாக எழுதியும் நீங்கள் படிக்காத எச்சரிக்கை இதுதான்: இப்படி வரும் எந்தக் கடிதத்தையும் நம்பி இனி அழுத்தாதீர்கள். இப்படிக்கு, உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு.'